நாலேகாலுக்குப் பிடிக்கும் கை

அக்காவும் தங்கையும் ஒரே கடையைப் பாதிப் பாதியாக வைத்துக்கொண்டு பிழைத்தார்கள். முன்பாதியில் அக்காவின் தையல் மெஷின். பின்பாதியில் தங்கையின் கணினி மேஜை. நடுவே தடுப்பு எதுவும் இல்லாததால் அக்காவின் ஊசி தங்கை பக்கமும், தங்கையின் திருகாணி அக்கா பக்கமும் உருண்டுபோகும். கடை சாத்துமுன் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்துப் பொறுக்குவார்கள். எது யாருடையது என்று பிரிப்பதில் தினம் ஒரு சின்னச் சண்டை.

தங்கையைத் தெருவில் எல்லாரும் பெட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தாறு. ஒரு காலத்தில் அச்சகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள். அங்கே கணினி மக்கர் செய்தால் சரிபண்ணுகிற ஆள் மூன்று நாள் கழித்துத்தான் வருவார். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல், ஒரு நாள் துணிந்து பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்த மெமரியை உருவி, துடைத்து, திரும்பச் செருகினாள். ஓடியது. அன்றைக்குத் தொடங்கிய பழக்கம் பிறகு தொழிலானது. நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. மூன்று வருடம் நிலைத்தது. அதைப் பற்றி அவள் வாயைத் திறப்பதில்லை. இருவருக்கும் சேர்த்து அக்கா பேசிவிடுவாள்.

அந்த ஆண்டு மழைக்காலம் முடிந்ததும் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் கடைக்கு வந்தார். நாற்பது வருடம் நிலத்தை அளந்தவர். பேச்சும் அளந்துதான் வரும். மகள் வேறு ஊரில் இருக்கிறாள், மனைவியும் இப்போது மகளோடு இருக்கிறார், அவர்களோடு முகம் பார்த்துப் பேசக் கணினி வேண்டும் என்றார்.

"ஃபோன்லயே பேசலாமே சார்," என்றாள் பெட்டியக்கா.

"சின்னதாத் தெரியுது. அவ முகம் எனக்குப் பெரிசா வேணும்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஐந்து நாளில் புதுசாக ஒன்றைப் பூட்டி முடித்தாள். சர்வேயர் வந்ததும் கடையிலேயே சோதித்துக் காட்டினாள். மகள் வீட்டுக்கு அழைப்பு போனது. முதலில் மகள் திரையில் வந்தாள், பிறகு நகர்ந்து அம்மாவுக்கு இடம் விட்டாள்.

அந்த அம்மாள் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முகம் லேசாக உப்பியிருந்தது. மாத்திரை போட்டுத் தூங்கி எழுந்த முகம்.

"நல்லாத் தெரியுதா?" என்று கேட்டார் சர்வேயர்.

"தெரியுது."

"நாளைக்கு இது வீட்டுக்கு வந்துடும். தினம் நாலரைக்குப் பேசலாம். நீ எழுந்திருக்கிற நேரம்."

நூலகர் அம்மாள், நூலகத்தில் இல்லாத புத்தகத்தை இல்லை என்று சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னார்: "அந்த வீட்ல இது ஓடாதுங்க."

"ஏன்?"

"நாலேகாலுக்கு அது வந்துடும். என் கையைப் பிடிச்ச மாதிரி இதையும் பிடிச்சுக்கும்."

மகளின் குரல் குறுக்கே வந்தது. "அப்பா, அம்மா இப்பத்தான் எழுந்தாங்க. அப்புறம் பேசறோம்."

சர்வேயர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது. "தப்பா எடுத்துக்காதம்மா. ஒரு வருஷமா இப்படித்தான். சமையல்கட்டுல யாரோ கையைப் பிடிக்கிறாங்கன்னு சொன்னா. குழாய்கிட்டப் போனா பிடிக்குதாம். நானும் போய் நின்னு பார்த்தேன். நானே குழாயைப் பிடிச்சுக் காட்டினேன். ஒண்ணும் இல்ல. டாக்டர் நரம்புக்கு மாத்திரை குடுத்திருக்கார். அங்க போனதுக்கப்புறம் பரவாயில்ல."

அவருடைய சங்கடத்தைப் போக்க வேண்டுமே என்று பெட்டியக்கா சிரித்தாள். "கவலைப்படாதீங்க சார். பேய்க்கெல்லாம் பாஸ்வேர்டு தெரியாது."

முன்பாதியிலிருந்து அக்காவும் சிரித்தாள். அப்போதுதான் பெட்டியக்கா திரையைப் பார்த்தாள். அழைப்பு துண்டிக்கப்படவில்லை. மூலையில் நூலகர் அம்மாள் அப்படியே உட்கார்ந்து, இமைக்காமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவசரமாக மவுஸைத் தேடிப் பிடித்து அழைப்பை நிறுத்தினாள்.

மறுநாள் காலையில் பெட்டியோடு சர்வேயர் வீட்டுக்குப் போனாள். மாடி வீடு. கீழ்ப்பகுதியில் சர்வேயர் வாடகைக்கு இருந்தார், மேலே பூட்டிக் கிடந்தது. வாசலிலிருந்து பின்கட்டு வரை நீளமாக ஒரு நடை. அதற்கு ஒரே ஒரு பல்பு. நடையின் கடைசியில் சமையல்கட்டு, அதை ஒட்டிய அறையில் கணினிக்கு மேஜை. சுத்தமான வீடுதான். ஆனால் ஒருவர் மட்டும் நடமாடுகிற வீட்டுக்கு ஒரு ஓசை உண்டு. சர்வேயருக்குக் குதிகால் வலி என்பதால் வீட்டுக்குள்ளும் தடித்த ரப்பர் செருப்பு போட்டிருந்தார். அது தப் தப் என்று நடையில் போகும், வரும். அது நின்றால் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

எல்லாவற்றையும் இணைத்தாள். தெருவிலிருந்து வந்த இன்டர்நெட் கேபிளைச் செருகினாள். பெட்டி முதல் அழுத்திலேயே விழித்தது. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஃபோன் வந்தது.

"ஓடலம்மா," என்றார் சர்வேயர்.

"என்ன ஆகுது சார்?"

"ஆன் ஆகுது. விசிறி சுத்துது. ரெண்டு எண்ணுறதுக்குள்ள நின்னுடுது. மறுபடி அதுவா ஆன் ஆகுது. மறுபடி நிக்குது. நான் தொடவே இல்ல."

மறுநாள் காலை போய்ப் பட்டனை அழுத்தினாள். சமர்த்தாக ஓடியது. சர்வேயர் பக்கத்தில் நின்று, கூப்பிட்டு வந்த சாட்சி பல்டி அடித்ததைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவள் பெட்டியைக் கடைக்குத் தூக்கி வந்தாள். மெமரியைக் கழற்றி இடம் மாற்றினாள். மின்சாரம் தரும் சப்ளையை மாற்றிப் போட்டாள். போர்டை மொத்தமாக வெளியே எடுத்து அட்டைமேல் வைத்து, எங்காவது ஒரு திருகாணி அடியில் சிக்கிப் போர்டை உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். பட்டன் உள்ளே ஒட்டிக்கொள்கிறதா என்று நூறு தடவை அழுத்தினாள். காலை முதல் ராத்திரி கடை சாத்தும்வரை ஓடவிட்டாள். ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

"அது நல்லாத்தான் இருக்கு. அந்த மனுஷனைத்தான் அதுக்குப் பிடிக்கல," என்றாள் அக்கா. "பொண்டாட்டி போன வீட்ல பெட்டியும் இருக்க மாட்டேங்குது."

"சும்மா இரு நீ."

"நான் ஒண்ணும் சொல்லல. அந்த அம்மா சொன்னதைத்தான் சொல்றேன்."

மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். சாயங்காலம் ஐந்தேகாலுக்கு மறுபடி ஃபோன். இந்தத் தடவை சர்வேயரின் குரலில் ஒரு மாற்றம். "நான் பட்டனே அழுத்தலம்மா. சமையல்கட்டுல இருந்தேன். அறைக்குள்ள விசிறி சத்தம் கேட்டுச்சு. வந்து பார்த்தா, திரையில வெளிச்சம். அப்புறம் போச்சு. அப்புறம் வந்துச்சு. யாரோ பேச ஆரம்பிச்சு முழுங்கிக்கிற மாதிரி. நான் நேரத்தைக் குறிச்சு வச்சிருக்கேன்."

"எத்தனை மணிக்கு சார்?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"நாலு பதினாறு," என்றார். "முந்தாநாளும் நாலு பதினாறுதான்."

அன்றிரவு பெட்டியக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அவள் பயந்தவள் இல்லை. செத்துப்போனவர்களின் கணினிகளைத் திறந்து படங்களை மீட்டுக் கொடுத்திருக்கிறாள்; ஒரு நாளும் கை நடுங்கியதில்லை. ஆனால் அந்த அம்மாளின் பார்வை திரும்பத் திரும்ப வந்தது. கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. பழகிப்போன பார்வை அது. இவளும் சிரிப்பாள் என்று முன்பே தெரிந்தவர் பார்க்கிற பார்வை.

மறுநாள் மூன்று மணிக்கே அந்த வீட்டுக்குப் போய்விட்டாள். செருப்பை வாசலில் விட்டு, நடையைக் கடந்து, கணினி முன் உட்கார்ந்தாள். பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி வைத்தாள். எல்லாம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. சர்வேயர் கதவருகே ஒரு நாற்காலி போட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். யாரோ விருந்தாளிக்குக் காத்திருப்பது போலிருந்தது.

நான்கு மணி தாண்டியது. நாலு பத்து. நாலேகால்.

முதலில் வந்தது சத்தம். சுவருக்குள், தலைக்கு மேலே எங்கோ, 'டக்' என்று ஒன்று. சற்று விட்டு இன்னொன்று. யாரோ ஒவ்வொரு விரலாகச் சொடக்கு எடுப்பதுபோல.

"இது தினம் கேக்குமா சார்?"

"எது?"

"சுவத்துல."

சர்வேயர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இதுவா. பழைய வீடும்மா. கேட்டுக்கிட்டேதான் இருக்கும்." சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். "அவ இதையும் சொன்னா. முதல்ல சொடக்கு எடுக்கும், அப்புறம் பிடிக்கும்னு."

விசிறி நின்றது.

திரை கறுத்தது. அந்த நொடியில் அறை முழுக்கக் காது அடைத்த மாதிரி ஆனது. பிறகு விசிறி தானாகச் சுற்றத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, நின்றது. மறுபடி சுற்றியது. போர்டின் மேல் இருந்த சின்னச் சிவப்பு விளக்கு துடித்தது. பெட்டியக்கா பவர் ஒயரை உருவ வேண்டும் என்று எழுந்து, ஒரு கையைப் பெட்டியின் இரும்பு விளிம்பில் ஊன்றினாள்.

கை பிடிபட்டது.

மின்சாரம் அவளுக்குப் புதிதல்ல. பட்டிருக்கிறாள், சுள்ளென்று அடித்து உதறிவிடும். இது அப்படியில்லை. விரல்கள் வழியாக உள்ளங்கைக்கு வந்து, மணிக்கட்டைச் சுற்றி, மெல்ல அழுத்தியது. உள்ளே ஒரு நடுக்கம் இருந்தது. வயதான ஒருவரின் கை நடுங்குவதுபோல. அவள் உடனே இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தாள். ஏன் தாமதித்தாள் என்பதைப் பிறகு வெகுநாள் தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

கையை உதறிப் பின்னால் நகர்ந்தபோது நாற்காலி சாய்ந்து விழுந்தது.

"என்னம்மா?" சர்வேயர் எழுந்துவிட்டார்.

"தொடாதீங்க சார். எதையும் தொடாதீங்க."

பையிலிருந்து டெஸ்டரை எடுத்தாள். திருப்புளி மாதிரி இருக்கும். கரண்ட் உள்ள இடத்தில் முனையை வைத்தால் பிடிக்குள் இருக்கும் குட்டி விளக்கு எரியும். பெட்டியின் இரும்பில் வைத்தாள். ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. நடைக்குப் போய் ஃபிரிட்ஜின் கதவில் வைத்தாள். எரிந்தது. சமையல்கட்டுக்குள் நுழைந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல், வெள்ளையாகப் பளபளத்துக்கொண்டு, குழாய் குனிந்து நின்றது. அதன் கழுத்தில் டெஸ்டரின் முனையை வைத்தாள்.

விளக்கு எரிந்தது.

சர்வேயர் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்தார். பார்த்தவர் கையை நீட்டி, அவள் தடுப்பதற்குள், குழாயைப் பிடித்தே விட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா," என்றார். குரல் கெஞ்சுவதுபோல இருந்தது. "அன்னைக்கும் இப்படித்தான் பிடிச்சேன். அவ கண்ணு முன்னாலயே. பாரு, ஒண்ணுமில்லைன்னு."

பெட்டியக்கா அவருடைய கால்களைப் பார்த்தாள். தடித்த ரப்பர் செருப்பு.

"அம்மா வீட்ல செருப்பு போடுவாங்களா சார்?"

சர்வேயர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு குழாயிலிருந்து கையை எடுத்து, அது தன் கைதானா என்பதுபோல முன்னும் பின்னும் திருப்பினார்.

"போட மாட்டா," என்றார்.

நாலே முக்காலுக்கு எல்லாம் அடங்கியது. டெஸ்டர் எரியவில்லை. பெட்டி, ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது.

அது கரண்ட்தான் என்று இப்போது இருவருக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததால் பயம் குறையவில்லை. கரண்டுக்குக் கடிகாரம் தெரியுமா? தினம் அதே நேரத்துக்கு வந்து, அரை மணி இருந்துவிட்டு, சொல்லாமல் போகுமா? கடைக்குத் திரும்பி அக்காவிடம் நடந்ததைச் சொன்னாள். அக்கா வாயில் வைத்திருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, முதல்முறையாக எதையும் கிண்டல் செய்யாமல், "நாளைக்கு நீ தனியாப் போகாதே," என்றாள்.

மறுநாள் மூன்றே முக்காலுக்கு அவள் தனக்குத் தெரிந்த வயர்மேனையும், சாவிக்கொத்தோடு வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனாள். வயர்மேன் கீழ்ப்பகுதியில் இருந்த மெஷின்களையெல்லாம் சோதித்துவிட்டு வீட்டைச் சுற்றிவந்தார். பின்பக்கம் கழிவுநீர்க் குழாய்க்காகப் போன வருடம் தோண்டி மூடிய இடத்தில் நின்று, மண்ணைக் காலால் கிளறினார். துருப்பிடித்த ஒரு கம்பி வெளியே தலைகாட்டியது. அதிலிருந்து வீட்டுக்குப் போக வேண்டிய எர்த் ஒயர் ஒரு சாண் தள்ளி அறுந்து கிடந்தது.

"தோண்டினவன் வெட்டிட்டுப் போயிருக்கான்," என்றார் வயர்மேன். "எந்த மெஷின்ல கரண்ட் கசிஞ்சாலும் இது வழியாத்தான் மண்ணுக்குப் போகணும். இப்ப போக வழியில்ல. குழாய்லயும் இரும்புலயும் வந்து நிக்குது. ஆளு யாராவது வெறுங்காலோட தொட்டா, அவங்க வழியாப் போகுது. உங்க கம்ப்யூட்டருக்குத் தெருவுல இருந்து கேபிள் வருதில்ல, அது வழியாவும் போகப் பார்க்குது. போர்டு தாங்குமா?"

"கசியறது எது?" என்று கேட்டார் சர்வேயர்.

வயர்மேன் தலையைத் தூக்கி மேல்மாடியைப் பார்த்தார். "கீழே எல்லாத்தையும் பார்த்துட்டேன். கீழே எதுவும் இல்ல."

"மேல ஆளே கிடையாது," என்றார் வீட்டுக்காரர். "பாட்டில் கம்பெனியில வேலை பார்த்த ஒருத்தர் இருந்தார். வேற ஊருக்கு மாத்திட்டாங்க. கம்பெனிதான் வாடகை, கரண்ட் எல்லாம் கட்டிக்கிட்டு வருது. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, நான் கதவையே திறக்கல."

பெட்டியக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பன்னிரண்டு. நால்வரும் படியேறினார்கள்.

பூட்டு இறுகியிருந்தது. வீட்டுக்காரர் இரண்டு கையாலும் திருக வேண்டியிருந்தது. கதவு திறந்ததும் மூடிக்கிடந்த துணிப்பெட்டியின் வாடை அடித்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. தரையில் தூசி மெத்தை மாதிரி படிந்திருந்தது. அதில் ஒரு காலடி இல்லை, ஒரு எலித் தடம்கூட இல்லை. சுவரில் யாரோ கழற்றி எடுத்துப்போன படத்தின் சதுரம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. நால்வரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அந்தத் தூசியை முதலில் மிதிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அப்போது உள்ளே, குளியலறைப் பக்கம், 'க்ளிக்' என்று ஒரு சத்தம். கதவிடுக்கில் சின்னதாகச் சிவப்பு வெளிச்சம் ஒன்று கண்ணைத் திறந்தது.

வீட்டுக்காரர் சாவிக்கொத்தைக் கீழே போட்டார். "யாரது?" என்றார், மிக மரியாதையான குரலில்.

வயர்மேன்தான் முதலில் நடந்தார். அவர் காலடி விழுந்த இடத்தில் பெட்டியக்காவும் கால் வைத்துப் போனாள். குளியலறைச் சுவரில் வெந்நீர்ப் பெட்டி ஒன்று தொங்கியது. அதன் கீழே, பிளக்கோடு சேர்த்து மாட்டிய ஒரு டைமர். வேலை முடிந்து வரும்போது குளிக்கத் தண்ணீர் சூடாக இருக்கட்டும் என்று அந்த ஆள் வைத்த நேரம். கிளம்பிப்போன அன்று அணைக்க மறந்திருக்கிறார். அன்றிலிருந்து, தினமும் நாலேகாலுக்கு, அரை மணி நேரம், பூட்டிய வீட்டில், இல்லாத ஒருவருக்காக அது தண்ணீர் காயவைத்தது. குழாய்கள் சூடேறி விரிந்து சுவருக்குள் சொடக்கு எடுத்தன. உள்ளே அரித்துப்போன கம்பியிலிருந்து கரண்ட் கசிந்து, குழாய் வழியாகக் கீழே இறங்கிற்று.

பெட்டியக்கா வெந்நீர்ப் பெட்டியின் வெளிப்புறத்தைப் பார்த்தாள். வியர்த்திருந்தது. அந்த வீட்டில் உயிரோடு இருந்த ஒரே பொருள் அதுதான்.

வயர்மேன் கையுறை மாட்டி டைமரைப் பிடுங்கினார். சிவப்புக் கண் மூடியது. "அந்தம்மா தப்பிச்சதே பெரிசு," என்றார். "தரை இன்னும் கொஞ்சம் ஈரமா இருந்திருந்தா, பிடிச்சது விட்டிருக்காது."

சர்வேயர் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பாதியில் நின்று, "நாற்பது வருஷம் அளந்தவன்," என்றார்.

இரண்டு நாளில் எர்த் கம்பியைப் புதிதாக இறக்கி, கசிவு இருந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் ஸ்விட்ச் ஒன்றையும் மாட்டினார்கள். மூன்றாம் நாள் நாலரைக்குப் பெட்டி ஒழுங்காக ஓடியது. மகளின் முகம் வந்தது, பிறகு நூலகர் அம்மாளின் முகம், சர்வேயர் ஆசைப்பட்டபடி பெரிதாக. அவர் பக்கத்திலிருந்த பெட்டியக்காவிடம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. என் வாயில வராது."

எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். செருப்புச் சத்தம் நடையில் தேய்ந்து நின்றது.

பெட்டியக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். அறுந்த ஒயர், மேல்மாடி, டைமர், எல்லாம். கடைசியில், "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதும்மா," என்றாள்.

நூலகர் அம்மாள் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. அம்மாள் மகளிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவள் நகர்ந்ததும் திரைக்கு அருகே குனிந்தார்.

"அப்ப அது கை இல்லையா?"

"இல்லம்மா. கரண்ட்."

"நீ தொட்டுப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

பெட்டியக்காவால் பொய் சொல்ல முடியவில்லை. "கை மாதிரிதான் இருந்துச்சு," என்றாள்.

நூலகர் அம்மாள் தலையசைத்தார். "முதல்ல பயந்துதான் போனேன். இவர்கிட்ட சொன்னேன். அளந்து பார்த்துட்டு இல்லைன்னுட்டார். மகள்கிட்ட சொன்னேன், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. அப்புறம் யார்கிட்டயும் சொல்லல. அதுக்கப்புறம் என்ன பண்ணேன் தெரியுமா? நாலேகால் ஆனா நானே போய்க் குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அந்த வீட்ல என் கையைப் பிடிக்க வேற யாரு இருந்தா?"

பெட்டியக்காவுக்கு வயர்மேன் சொன்ன ஈரத் தரை நினைவுக்கு வந்தது. கூடவே, பெட்டியின் விளிம்பில் தானே தாமதித்த அந்த ஒரு நொடியும்.

"எத்தனை நாள்மா?"

"எண்ணல. அங்கிருந்து கிளம்பின அன்னைக்குக்கூட, வண்டி வாசல்ல நிக்குது, கொஞ்சம் இருங்கன்னு உள்ள போனேன்."

மகள் தண்ணீரோடு வந்தாள். அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து அதை வாங்கிக் குடித்தார்.

வாசலில் சர்வேயர் காத்திருந்தார். "என்ன சொன்னா?"

"கேட்டுக்கிட்டாங்க சார்."

"கோபமா?"

"அவங்ககிட்ட நீங்கதான் பேசணும் சார். மெஷினைப் பத்தி இல்ல. சும்மா பேசுங்க. முடிஞ்சா நேர்ல போயிடுங்க."

வேறொன்றும் அவள் சொல்லவில்லை. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அக்காவும் அந்த ஒரு தடவை துருவிக் கேட்கவில்லை.

சர்வேயர் அந்த வாரமே கிளம்பிப் போனார். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து வீட்டைக் காலி செய்வதாகச் சொன்னார். மனைவி இங்கே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பயமா என்று கேட்டதற்கு, பயமில்லை, அதனால்தான் வரவில்லை என்றாராம். "எனக்குப் புரியலம்மா," என்றார் சர்வேயர். "புரியலைன்னு அவகிட்டயே சொன்னேன். சிரிச்சா. ஒரு வருஷத்துக்கப்புறம் சிரிச்சா."

பெட்டியக்காவே போய்க் கணினியைக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். மகள் ஊரில் அவர்கள் இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்திருந்தார்கள். மாத்திரையை டாக்டர் மெல்லக் குறைத்தார். நாலு மாதத்தில் நிறுத்தியும் விட்டார்.

இப்போது நூலகர் அம்மாள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வாரம் மூன்று நாள் புத்தகங்களைப் பதிவு செய்கிறார். பட்டியல் போட அந்தக் கணினிதான். எழுத்துரு வரவில்லை, அச்சு கோணலாக வருகிறது என்று மதிய வேளையில் பெட்டியக்காவைக் கூப்பிடுவார். விஷயம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். போன வாரம் பேச்சின் நடுவே, மூன்று வருடம் நிலைத்த தன் கல்யாணத்தைப் பற்றிப் பெட்டியக்கா எதையோ சொல்ல ஆரம்பித்தாள். முன்பாதியில் தையல் மெஷின் சத்தம் நின்றது. அக்கா துணியை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.